வாசலில் பூத்த மருந்தும் வயிற்றுக்குப் போன கஷாயமும்

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் நித்தியகல்யாணியை அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. வாசல் ஓரத்திலே, குழாயடியிலே, மாரியம்மன் கோயில் பின்புறத்திலே, யாரும் நடாமல் யாரும் உரம் போடாமல் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும் செடி அது. மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். நம்மவர்களில் சிலர் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வதுண்டு. பேரில் சுடுகாடு இருக்கிறது. ஆனால் எத்தனையோ பச்சைப் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குப் போகாமல் தடுத்து நிறுத்திய செடியும் அதுதான்.

அந்தக் கதையை இந்த வாரம் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு.

போன மாதம் கிள்ளான் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தோம். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, நான்காவது மாடிக்கு ஏறி வந்த குடும்பம். அந்த வீட்டு அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. நடைபாதை ஓரத்தில், பழைய பெயிண்ட் வாளிகளில், வரிசையாக நித்தியகல்யாணிச் செடிகள். பூவைக் காணோம். இலையும் பாதிதான் இருந்தது.

“என்னக்கா, செடியெல்லாம் மொட்டையா நிக்குது?” என்று கேட்டோம்.

“தெனம் மூணு வேளை கஷாயம் வச்சுக் குடிக்கிறேன் தம்பி. மார்ல ஒரு கட்டி இருக்கு. தீபாவளிக்கு முந்தி கை பட்டுச்சு. அப்ப கொட்டமுத்து அளவுதான். நம்ம பையன் போன்ல பார்த்தான். இந்தச் செடியில இருந்துதான் கேன்சர் மருந்து எடுக்கிறாங்களாமே?”

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

“ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டிடுவாங்க. மருந்துதான் வாசல்லயே இருக்கே!”

நமக்குப் பேச்சு வரவில்லை. அக்கா சொன்னதில் பொய் இல்லை. இந்தச் செடியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. முழுப் பொய்யை நம் ஜனங்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். பாதி உண்மைதான் ஆளை ஏமாற்றுகிறது. மீதிப் பாதியை இங்கே சொல்கிறோம்.

இருபத்தைந்து இலைகள்

1952ஆம் ஆண்டு. கனடா நாட்டில் கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு ஜமைக்கா தீவிலிருந்து ஒரு தபால் வந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே இருபத்தைந்து இலைகள். நித்தியகல்யாணி இலைகள்தான். ஜமைக்கா மக்கள், அவர்களும் நம்மைப் போல் கரும்புத் தோட்டம், வாழைத் தோட்டம் என்று உழைத்தவர்கள், நீரிழிவு நோய்க்கு இந்த இலையைத் தேநீர் போலப் போட்டுக் குடித்து வந்தார்கள். ‘இதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்’ என்று அனுப்பி வைத்திருந்தார் அங்கிருந்த நோயாளி ஒருவர்.

கிளார்க் நோபிள் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். தம்பி மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். இலையைச் சாறாக்கி எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. சரி, ஊசி மூலம் ஏற்றிப் பார்ப்போம் என்று ஏற்றினார். சர்க்கரை அப்போதும் இறங்கவில்லை. ஆனால் எலிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

வேறு ஒருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். நோபிள் எலிகள் ஏன் செத்தன என்று பார்த்தார். கிருமித் தொற்றினால் செத்திருந்தன. கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் அவற்றின் ரத்தத்தில் அடியோடு குறைந்து போயிருந்தன. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. ரத்தப் புற்றுநோய் என்பது என்ன? வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது. அப்படியானால் வெள்ளை அணுக்களைக் குறைக்கும் இந்தச் சாறு, அந்த நோய்க்கு மருந்தாகக் கூடும் அல்லவா?

1954இல் சார்லஸ் பியர் என்ற ரசாயன நிபுணர் அவருடன் சேர்ந்தார். இலையிலிருந்து அந்த ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுக்க நான்கு ஆண்டுகள் ஆயின. 1958இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் இலை லில்லி மருந்துக் கம்பெனியும் இதே செடியைத் தனியாக ஆராய்ந்து கொண்டிருந்தது. அங்கிருந்து வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து வந்தது. 1963இல் அமெரிக்க அரசாங்கம் அதை அனுமதித்தது.

அதுவரை ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையைக் காப்பாற்றுவது அபூர்வம். வின்கிரிஸ்டினையும் வேறு பல மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு நிலைமை தலைகீழானது. இன்று வசதியுள்ள நாடுகளில் அந்த நோய் கண்ட பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டு மருந்தும் இருக்கின்றன.

இத்தனையிலும் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? எலிக்கு வாய் வழியாகக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கும் இந்த இரண்டு மருந்தையும் நரம்பு ஊசி மூலமாகத்தான் ஏற்றுகிறார்கள். கஷாயமாகக் குடித்து எவரும் குணமானதில்லை. இலையில் நஞ்சு உண்டு. ஆடு மாடு அதில் வாய் வைக்காமல் போவது சும்மா இல்லை.

பாலும் டயரும்

பால் வெட்டிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். மரத்தில் பால் வடிகிறது. மங்கில் சேர்கிறது. அதைக் கொண்டுபோய் லாரிச் சக்கரத்தில் ஊற்றினால் லாரி ஓடுமா? ஸ்டோருக்குப் போக வேண்டும். மெட்ரோலாக் போட்டு அளக்க வேண்டும். ஆசிட் ஊற்றி உறைய வைத்து, மிஷினில் கொடுத்து, புகை வீட்டில் காயவைத்து, தரம் பிரித்து, கப்பலேறி, தொழிற்சாலையில் வெந்து வந்தால்தான் டயர்.

ரப்பர் பாலாவது தாராளம். நூறு கிலோ பாலில் முப்பது கிலோவுக்கு மேல் காய்ந்த ரப்பர் நிற்கும். நித்தியகல்யாணியின் கணக்கு வேறு. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளை ஊசிக்குப் பத்து மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும், அதற்கே ஐந்து கிலோ காய்ந்த இலை. அக்காவின் பெயிண்ட் வாளிகளை எல்லாம் வேரோடு பிடுங்கிக் காயப்போட்டாலும் ஒரு ஊசிக்குத் தேறாது.

அந்த இலையில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டு எனப்படும் சத்துகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று மருந்து, ஒன்று நஞ்சு, ஒன்று ரத்த அழுத்தத்தை இறக்குவது. அடுப்பில் கொதிக்க வைத்தால் எது எவ்வளவு இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? ஆய்வுக்கூடத்தில் இலையைக் காயவைத்து, பொடியாக்கி, ரசாயன திரவத்தில் ஊறப்போட்டு, அமிலம் சேர்த்து, காரம் சேர்த்து, நீண்ட கண்ணாடிக் குழாய்களில் வடியவிட்டு ஒவ்வொரு சத்தாகப் பிரிக்கிறார்கள். ஷீட்டில் தரம் பிரிப்பதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமான வேலை.

நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்த தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில், இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி பக்கத்து மானாவாரி நிலங்களில், இந்தச் செடியை விவசாயிகள் மருந்துக்கென்றே பயிரிடுகிறார்கள். வேரும் இலையும் தனித்தனியே காய்ந்து, மூட்டை மூட்டையாக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன. இலை தட்டுப்பாடானால் பிள்ளைகளின் மருந்தும் தட்டுப்பாடாகுமே என்று விஞ்ஞானிகள் வேறு வழியும் தேடினார்கள். 2022இல் விஞ்ஞானிகளின் ஒரு குழு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்டின் மரபணுக்களை மாற்றி, வின்பிளாஸ்டின் செய்வதற்கான மூலப்பொருள்களை அதையே தயாரிக்கச் செய்தது.

கண்ணாடித் தட்டில் செத்தது

“யூனிவர்சிட்டியிலேயே கண்டுபிடிச்சுட்டாங்களாம், இந்த இலை கேன்சரைக் கொல்லுதாம்!” இப்படிப்பட்ட செய்திகள் போனில் வாரத்துக்கு ஒன்று வருகிறது. முருங்கை, வேப்பிலை, டுரியான் பெலாண்டா, பெலாலாய் காஜா என்று இலைதான் மாறுகிறது. செய்தி ஒன்றுதான்.

இதுவும் பாதி உண்மைதான். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம் என்று நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இந்த ஆராய்ச்சி நடக்கிறது. நம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அங்கே என்னதான் செய்கிறார்கள்?

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் புற்றுநோய் உயிரணுக்களை வளர்க்கிறார்கள். இலைச்சாற்றைப் பல அளவுகளில் ஊற்றுகிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் விட்டு மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் அணுக்கள் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்தவை மாற்றாது. எந்த அளவுச் சாற்றில் பாதி அணுக்கள் செத்தன என்று கணக்குப் பார்க்கிறார்கள். மிகக் குறைந்த அளவிலேயே செத்தால் அந்த இலையை மேற்கொண்டு ஆராயலாம் என்று பொருள். அவ்வளவுதான், மருந்து கிடைத்துவிட்டது என்று பொருள் அல்ல.

அந்தத் தட்டில் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றினாலும் அணுக்கள் சாகும். அதற்காகச் சவர்க்காரம் புற்றுநோய்க்கு மருந்தாகிவிடுமா? நல்ல அணுவை விட்டுவிட்டுக் கெட்ட அணுவை மட்டும் கொல்கிறதா? வயிற்றில் செரிக்காமல் ரத்தத்தில் சேருமா? ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்காதா? இதையெல்லாம் விலங்குகளிடம் பார்த்து, பிறகு மனிதரிடம் மூன்று கட்டமாகப் பார்க்க வேண்டும். மனிதர் வரை வந்த புற்றுநோய் மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லை.

1960 முதல் 1982 வரை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஏறக்குறைய 35,000 வகைத் தாவரங்களைச் சோதித்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய மருந்துகளே மிஞ்சின. அவற்றில் ஒன்றான டாக்சால், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. 1962இல் பட்டையை உரித்தார்கள். 1992இல்தான் அது நோயாளிக்கு மருந்தாக வந்தது. முப்பது வருஷம்! ஆராய்ச்சியாளர்கள் மெத்தனமாக இருந்ததால் அல்ல. மனித உயிர் விளையாட்டுச் சாமான் அல்ல என்பதால்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளரும் புற்றுநோய் அணுக்களில் மிகவும் பேர்போனது ஹீலா என்பது. அது ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத் தாயின் உடம்பிலிருந்து 1951இல் எடுக்கப்பட்டது. அவர் புகையிலைத் தோட்டத்தில் பாடுபட்டவர். அவரைக் கேட்காமலே எடுத்தார்கள். அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். அணுக்கள் இன்னும் வாழ்கின்றன. அவற்றை விற்று லாபம் பார்த்த ஒரு கம்பெனியோடு 2023இல்தான் அவர் குடும்பத்துக்குச் சமரசம் ஏற்பட்டது. மருந்து வந்த பாதையில் தோட்டப் பாட்டாளியின் உயிரும் கலந்திருக்கிறது என்பதை நாம் மறக்க வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன பதில்

பிரிக்பீல்ட்சில் ஒரு கடையில் நுழைந்து, “புற்றுநோய்க்கு இலைப்பொடி ஏதும் உண்டா?” என்று கேட்டுப் பார்த்தோம். கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கீழே இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மேலே பேரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

“இதுல என்ன இலை அண்ணே?”

“பல மூலிகை தம்பி. குணமானவங்க நெறைய பேர்.”

“யாராவது ஒருத்தரைப் பார்க்கலாமா?”

பொட்டலம் மறுபடியும் கீழே போய்விட்டது.

இந்த நாட்டில் 1956ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. பாரம்பரிய மருந்தாக இருந்தாலும் பதிவு செய்திருக்க வேண்டும். அட்டையில் ‘மால்’ என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். அவை இல்லாத பொட்டலத்தை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதற்குச் சமம்.

இயற்கை இலைதானே, கெடுதல் இருக்காது என்ற நினைப்பும் வேண்டாம். டுரியான் பெலாண்டாவில் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது. குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நெடுங்காலம் உட்கொண்டவர்களிடம், கை கால் இறுகி நடுங்கும் ஒருவகை நரம்பு நோய் அதிகமாகக் காணப்படுவதாக 1999இல் டாக்டர்கள் எழுதினார்கள். பெலாலாய் காஜா இலையை நம் நாட்டில் பலரும் பச்சையாகவே அரைத்துக் குடிக்கிறார்கள். தட்டில் உள்ள அணுக்களிடம் அதைச் சோதித்திருக்கிறார்கள். மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிரூபணம் ஆகவில்லை.

கட்டி காத்திருக்காது

கஷாயம் குடிப்பதால் மட்டும் வரும் கேடு ஒரு பங்கு என்றால், குடித்துக்கொண்டே காத்திருப்பதால் வரும் கேடு பத்துப் பங்கு. 2012 முதல் 2016 வரையிலான நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். மார்புப் புற்றுநோயை முதல் கட்டத்தில் பிடித்தால் ஐந்தாண்டுக்குப் பிறகும் நூற்றுக்கு 87 பேர் உயிரோடு இருக்கிறார்கள். நான்காம் கட்டத்தில் பிடித்தால் 23 பேர்தான். இது 2018இல் வெளியான நம் நாட்டுக் கணக்கு.

அமெரிக்காவில் 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆஸ்பத்திரிச் சிகிச்சையை ஒதுக்கிவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் மட்டும் எடுத்தால் ஐந்து மடங்குக்கு மேல்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னோம். இந்தச் செடியின் மருந்துகள் பிரதானமாக ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் உரியவை, மார்புக் கட்டிக்கு முதலில் பார்க்கும் வைத்தியமே வேறு என்றும் சொன்னோம். எல்லாக் கட்டியும் புற்று அல்ல. சோதித்தால்தான் தெரியும் என்றும் சொன்னோம். அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“செலவு எவ்ளோ ஆகும் தம்பி?”

அதுதான் கேள்வி! பயம் பாதி, பணம் பாதி. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கே காட்டினால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானது; பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் வெட்டுப்பட்ட காலத்தை நாமும் பார்த்தவர்கள்தான். ஆனாலும் ஒரு நாள் சம்பளத்துக்காக ஒன்பது மாதத்தை இழக்கலாமா?

பாட்டி வைத்தியத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஜமைக்காக்காரர்களின் பாட்டி வைத்தியம் இல்லாமல் அந்த இருபத்தைந்து இலை கனடாவுக்குப் போயிருக்காது. சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் இருக்கட்டும். ஆனால் கட்டி என்றால், ஆறாத புண் என்றால், காரணமில்லாத ரத்தப்போக்கு என்றால், உடம்பு தானாக இளைத்தால், முதலில் டாக்டர். என்ன இலை குடிக்கிறோம் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில இலைகள் ஆஸ்பத்திரி மருந்தின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும். ‘திட்டுவாரோ’ என்று பயந்து மறைத்தால் நஷ்டம் நமக்கே.

சென்ற செவ்வாய்க்கிழமை அக்காவின் மருமகள் போன் செய்தார். கிளினிக்குக்குக் கூட்டிப் போனாராம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கிடைத்திருக்கிறது. முடிவு இன்னும் தெரியவில்லை.

“கஷாயத்தை நிறுத்திட்டாங்களா?” என்று கேட்டோம்.

“நிறுத்திட்டாங்க அண்ணே. செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்துறாங்க.”

தோழர்களே, தாய்மார்களே! உங்கள் வீட்டிலும் யாராவது கட்டியை மறைத்து வைத்துக்கொண்டு இலையைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கலாம். இன்று வேலை விட்டு வந்ததும் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, நாளைக்கே கூட்டிப் போங்கள்.